மூப்பர் யார்? சிறிய பிரெஸ்பிட்டேரியன் சபைகளைத் தாங்கி நிற்கும் சம்பளமில்லாப் பொறுப்பு

மலாக்காவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் டச்சுச் சதுக்கத்தில் இருக்கும் சிவப்பு நிறத் தேவாலயத்தின் முன் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்வார்கள். இன்று அது ஆங்கிலிகன் தேவாலயம். ஆனால், 1753ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது அது டச்சுச் சீர்திருத்தச் சபைக்கு உரியதாக இருந்தது. அந்தச் சபையில் பேராயர் என்ற பதவியே கிடையாது. போதகரும் சபையாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்களும் ஒன்றாக அமர்ந்து முடிவெடுப்பதே அதன் வழக்கம்.

அதே குடும்பத்தின் இன்னொரு கிளைதான் பிரெஸ்பிட்டேரியன் சபை. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோட்டிலும் பிரின்செப் ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரில் ஜாலான் ராஜா சூலானிலும் அதன் தேவாலயங்களைப் பார்க்கலாம். நம் தமிழர்களிடையே கத்தோலிக்க, மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிகன் சபைகளே பரவலாக அறியப்பட்டவை. எனவே ‘அவர் பிரெஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர்’ என்று யாரையாவது சுட்டிக் காட்டினால், வயதில் பெரியவர், மரியாதைக்காக அப்படி அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது மரியாதைப் பட்டமன்று. வேலைப்பளுவும் சட்டப் பொறுப்பும் கொண்ட ஒரு பதவி. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்த சபைகளில் அந்தப் பதவியில் இருப்பவர்கள் விலகிவிட்டால் தேவாலயத்தின் கதவையே மூட வேண்டி வரும்.

சொல்லில் இருக்கும் குழப்பம்

கிரேக்க மொழியில் ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்றால் மூத்தவர். பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. தமிழ் விவிலியம் அச்சொல்லை ‘மூப்பர்’ என்று மொழிபெயர்த்தது. மூப்பு என்றால் முதுமை. ஊர்த்தலைவனை மூப்பன் என்று அழைத்த வழக்கமும் நம்மிடம் இருந்தது. ஆகையால் இந்தச் சொல் தமிழ்க் காதுக்கு இரண்டு பொருளையும் சேர்த்தே தருகிறது: வயது, அதிகாரம். உண்மையில் மூப்பர் பதவிக்கு வயது ஒரு தகுதியன்று. இருபதுகளில் இருப்பவரும் மூப்பராகலாம். அதிகாரமும் தனி மனிதருக்கு உரியதன்று. எல்லா மூப்பர்களும் மன்றமாகக் கூடும்போது மட்டுமே அது உண்டு. வீட்டுக்கு வந்திருக்கும் மூப்பர் தனியாக எந்த உத்தரவும் போட முடியாது.

இந்த மரபில் மூப்பர்கள் இரு வகை. மறையியல் படித்து, பிரசங்கம் செய்து, திருமுழுக்கும் திருவிருந்தும் நடத்துபவர் போதிக்கும் மூப்பர், அதாவது போதகர். ஆசிரியராகவோ தாதியாகவோ கடைக்காரராகவோ வேறு வேலை பார்த்துக்கொண்டு சபையின் நிர்வாகத்திலும் மேய்ப்புப் பணியிலும் பங்கெடுப்பவர் ஆளுகை செய்யும் மூப்பர். திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் ஒரு வசனத்தை இந்தப் பகுப்புக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இங்கு நாம் பேசுவது இரண்டாம் வகை மூப்பரைப் பற்றி.

இதைக் கோயில் நிர்வாகக் குழுவோடு ஒப்பிடத் தோன்றும். ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால், முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நிர்வாகக் குழு உறுப்பினர் ஆண்டுக் கூட்டத்தில் தேர்வாகி, தவணை முடிந்ததும் சாதாரண உறுப்பினராகிவிடுவார். மூப்பரோ சபை முன்னிலையில் ஜெபத்துடன் அபிஷேகம் செய்யப்படுகிறார். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் அந்த அபிஷேகம் ஆயுள் முழுவதும் நீடிக்கும். அவர் மன்றத்திலிருந்து விலகலாம். மூப்பர் என்ற நிலை போகாது. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையிலும் அபிஷேகம் ஆயுளுக்குத்தான் என்றாலும், மன்றத்தில் அமரும் தவணை மூன்று ஆண்டுகள். தொடர்ச்சியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. இரண்டுக்கும் ஆதரவாகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய சபைகளில் ஆறு ஆண்டு விதி நல்லெண்ணத்தில் போடப்பட்ட தலைவலி என்றுதான் தோன்றுகிறது. மாற்றி அமர வைக்க ஆள் எங்கே?

ஜெனீவாவிலிருந்து ஸ்காட்லாந்துக்கு

இன்றைய வடிவத்தின் தொடக்கம் 1541ஆம் ஆண்டு ஜெனீவா. ஜான் கால்வின் அந்நகருக்காக வகுத்த சபை ஒழுங்குமுறையில் போதகர், ஆசிரியர், மூப்பர், டீக்கன் என நான்கு பணிகள் இருந்தன. மூப்பர்கள் பன்னிருவர். அவர்கள் நகராட்சி மன்றங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, போதகர்களோடு வியாழக்கிழமைதோறும் கூடி நகரத்தாரின் ஒழுக்கத்தைக் கண்காணித்தார்கள்.

ஜெனீவாவில் தங்கியிருந்து திரும்பிய ஜான் நாக்ஸும் அவருடைய தோழர்களும் 1560இல் ஸ்காட்லாந்தின் சமயச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தனர். அப்போது எழுதப்பட்ட முதல் ஒழுங்கு நூல், மூப்பர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 1578இன் இரண்டாம் ஒழுங்கு நூல் அதை ஆயுள் பணியாக மாற்றியது. அந்த மாற்றத்தின் விளைவைத்தான் ஸ்காட்லாந்தின் கிராமச் சபைகள் இன்றுவரை அனுபவிக்கின்றன. நன்மையும் உண்டு, சங்கடமும் உண்டு.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ‘கர்க் செஷன்’ எனப்படும் மூப்பர் மன்றம் ஸ்காட்லாந்து ஊர்களில் கிட்டத்தட்ட ஓர் அரசாங்கமாகவே செயல்பட்டது. தேவாலய வாசலில் காணிக்கை வாங்கி ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தது அந்த மன்றம்தான். சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியை வாடகைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தையும் ஏழை நிதியில் சேர்த்தார்கள். ஊர்ப் பள்ளியின் மீதும் மன்றத்துக்குக் கண் இருந்தது. 1845இன் ஏழையர் சட்டமும் 1872இன் கல்விச் சட்டமும் வந்த பிறகே இந்தப் பொறுப்புகள் கைமாறின.

மறுபக்கம், அதே மன்றம் மக்களை விசாரணைக்கு இழுத்தது. ஞாயிறன்று வேலை செய்தவர், அண்டை வீட்டாரைத் திட்டியவர், திருமணத்துக்கு முன் கருவுற்ற பெண், அதற்குக் காரணமான ஆண் என எல்லாரும் மூப்பர்கள் முன் நிற்க வேண்டியிருந்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் மோக்லின் தேவாலயத்தில் சபையார் முன் நின்று கண்டனம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் அவ்வூர் மூப்பர் ஒருவரின் பாசாங்கைக் கிழித்து ‘ஹோலி வில்லீஸ் பிரேயர்’ என்ற அங்கதக் கவிதையை எழுதியிருந்தார். ஸ்காட்லாந்தில் மூப்பர் என்றதும் கறுப்பு உடை, கடுத்த முகம் என்ற பிம்பம் நிலைத்துப்போனதில் அந்தக் கவிதைக்கும் பங்குண்டு.

பெண்களுக்கு இந்தப் பதவி கிடைக்க நெடுங்காலம் ஆனது. அமெரிக்காவின் முதன்மைப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1930இலும் ஸ்காட்லாந்துத் திருச்சபை 1966இலும் பெண்களை மூப்பர்களாக ஏற்றன. 2004இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைத் தலைவராக அலிசன் எலியட் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். போதகரல்லாத மூப்பர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது, 1567இல் அறிஞர் ஜார்ஜ் புக்கானன் அமர்ந்த பிறகு அதுவே முதல் முறை. 437 ஆண்டு இடைவெளி! போதகரும் மூப்பரும் வாக்கில் சமம் என்று சொல்லும் ஒரு சபையில் இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் பிரின்செப் ஸ்திரீட் தேவாலயத்தின் வரலாறு, 1843இல் பாதிரியார் பெஞ்சமின் கீஸ்பெரி மலாய்மொழி ஆராதனைக்காகக் கட்டிய சிற்றாலயத்திலிருந்து தொடங்குகிறது. அவருக்கு மலாய்மொழியில் உறுதுணையாக இருந்தவர் முன்ஷி அப்துல்லா. தமிழ் வேர்களும் தமிழ் அறிவும் கொண்ட அதே அப்துல்லாதான். அவருடைய தன்வரலாறு 1849இல் அச்சேறியதும் கீஸ்பெரியின் அச்சகத்தில்தான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1856இல் தொடங்கிய சபை பின்னர் ஆர்ச்சர்ட் ரோடு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயமாக வளர்ந்தது. 1881இல் வந்த பாதிரியார் ஜான் குக், சீனாவின் சுவாத்தோவ், அமோய் பகுதிகளிலிருந்து ஏற்கெனவே கிறிஸ்துவர்களாக வந்திருந்த குடியேறிகளிடையே பணியாற்றினார். 1901இல் சபைகள் இணைந்து சினோட் எனும் பேரவை அமைந்தது. 1975இல் சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனிச் சினோட்களாகப் பிரிந்தன.

மலாயாவில் ‘சர்’ பட்டம் பெற்ற முதல் சீனரான சோங் ஓங் சியாங், பிரின்செப் ஸ்திரீட் சபையின் மூப்பர். வழக்கறிஞர், சிங்கப்பூர்ச் சீனர்களின் நூறாண்டு வரலாற்றை 1923இல் எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். வார நாள்களில் நீதிமன்றம், ஞாயிறன்று பிரசங்க மேடை என்று வாழ்ந்தவர் அவர். 1930இல் சிங்கப்பூரின் முதல் பாய்ஸ் பிரிகேட் படை தொடங்கப்பட்டதும் அந்தத் தேவாலயத்தில்தான். இந்த வட்டாரச் சபைகள் தொடக்கத்திலிருந்தே சம்பளமில்லா மூப்பர்களின் தோளில் வளர்ந்தவை என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டுக்கும் இந்த மரபோடு தொடர்பு உண்டு. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இன்றும் ‘கர்க்’ என்றே அழைக்கிறார்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியானது. அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947 செப்டம்பர் 27ஆம் தேதி பிறந்த தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. அந்தத் திருச்சபையில் பேராயர்கள் உண்டு. அதனால் தனிப் பிரெஸ்பிட்டேரியன் மூப்பர் மன்றம் என்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான கிறிஸ்துவர்களுக்குப் பாட்டன் காலத்துக் கதை.

மன்றத்துக்குள் என்ன நடக்கிறது?

மூப்பர் மன்றம் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சபைகளின் விதிகள் சிலவற்றில் மாறுபட்டாலும் அடிப்படை அங்கிருந்து வந்ததுதான்.

போதகர் மன்றத்தின் தலைவர். அவரை ‘மாடரேட்டர்’ என்பார்கள். ஆனால், விவாதத்தில் அவருக்குச் சாதாரண வாக்கு இல்லை. இரு தரப்பும் சமமானால் மட்டும் அவர் வாக்கு முடிவு செய்யும். கூட்டக் குறிப்புகளை எழுதவும் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கவும் செயலாளர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவரும் ஒரு மூப்பரே. சிறிய ஊர்களில் போதகர்கள் வருவார்கள், போவார்கள். செயலாளர் இருபது ஆண்டு இருப்பார். யார் வீட்டில் யாருக்கு என்ன பிரச்சினை, தேவாலயக் கூரையின் எந்த மூலை ஒழுகும், எந்தக் குடும்பத்தோடு எந்தக் குடும்பம் பேசாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஆராதனை நேரம், ஆண்டுக்கு எத்தனை முறை திருவிருந்து, யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, பணம், கட்டடம், சிறார் பாதுகாப்பு எல்லாம் மன்றத்தின் கையில். ஆராதனையை எப்படி நடத்துவது என்பது மட்டும் போதகரின் உரிமை. இந்த எல்லைக்கோடு ஏட்டில் தெளிவாக இருக்கிறது. ஞாயிறன்று என்ன பாட்டுப் பாடுவது என்ற கேள்வி வரும்போது அதை மதிப்பது கடினம்.

மன்றத்துக்கு மேலே பிரெஸ்பிட்டரி எனும் வட்டார மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே, ஆண்டுதோறும் மே மாதம் எடின்பரோவில் கூடும் பொதுப்பேரவை. ஒவ்வொரு சபையிலிருந்தும் வட்டார மன்றத்துக்கு மூப்பர் ஒருவர் செல்கிறார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: அவர் தன் சபையின் தூதர் அல்லர். ஊரார் சொல்லி அனுப்பியபடி வாக்களிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்ட வாதங்களை எடைபோட்டு, மனசாட்சிப்படி வாக்களிக்க வேண்டும் என்பதே முறை. சாதாரண நாள்களில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. சொந்த ஊர்த் தேவாலயத்தை மூடலாமா என்று வாக்கெடுப்பு வரும் நாளில்தான் இந்த விதியின் கனம் தெரியும்.

பத்து வீடு, பதினைந்து வீடு

மூப்பர் வேலையின் மையம் கூட்டம் அன்று, வீடு. சபையின் குடும்பங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு மூப்பருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளை ஒப்படைப்பது ஸ்காட்லாந்தின் பழைய ஏற்பாடு.

முன்பு திருவிருந்துக்கு முன்னதாக உறுப்பினர்களுக்கு ஈயத்தில் வார்த்த சிறு வில்லை ஒன்று வழங்கப்படும். அதில் ஊரின் பெயரெழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்த வில்லை கையில் இல்லாதவர் மேசையில் அமர முடியாது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதில் மூப்பர்களின் வார்த்தைக்கு எடை இருந்தது. பின்னர் வில்லையின் இடத்தை அட்டை பிடித்தது. அட்டையை மூப்பர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்டிப்பின் கருவியாக இருந்த ஒன்று, கதவைத் தட்டுவதற்கு ஒரு சாக்காக மாறியது. நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும். அட்டையை நீட்டிவிட்டு, ‘வாங்க, தேநீர் குடிக்கலாம்’ என்ற அழைப்புக்காகக் காத்திருப்பதுதான் உண்மையான வேலை.

அந்தத் தேநீர் வேளையில்தான் செய்திகள் வெளிவரும். வேலை போனது, மகன் பேசாமல் இருப்பது, மருத்துவர் சொன்ன முடிவு, கணவரின் மறதி. மூப்பருக்கு ஆலோசகர் பயிற்சி கிடையாது. பெரும்பாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், அனுமதி பெற்றுப் போதகரிடம் சொல்வதும், மறு வாரம் மறக்காமல் மீண்டும் போவதும்தான் அவரால் முடிந்தது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. எழுபது பேர் வாழும் ஊரில், கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அதே முகங்களைத் தினமும் பார்த்துக்கொண்டு, தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்திருப்பது லேசான காரியமன்று. மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லாமல் இருக்க வேண்டும். மூப்பரின் வீட்டார் அவரைவிடப் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டியிருக்கிறது.

அட்டை கொண்டுபோகும் வழக்கம் இப்போது பல சபைகளில் தளர்ந்துவிட்டது. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. சொல்லாமல் வருபவரை விரும்பாதவர்களும் பெருகிவிட்டார்கள். தொலைபேசியும் குறுஞ்செய்தியும் அந்த இடத்தை நிரப்புகின்றன. நம் அடுக்குமாடி வீடுகளில் முன்னறிவிப்பின்றி மணியடித்தால் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

திருவிருந்து நாளில் மூப்பர்களே அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் இருக்கைகளுக்குக் கொண்டுசென்று பரிமாறுகிறார்கள். அர்ப்பணிப்பு ஜெபத்தைப் போதகர் சொல்ல, தட்டும் கிண்ணமும் வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும். சிறிய சபையில் சில நேரம் பரிமாறுபவர்கள் நால்வர், உட்கார்ந்திருப்பவர்கள் பன்னிருவர் என்றுகூட இருக்கும்.

ஆள் குறையும்போது

ஸ்காட்லாந்துத் திருச்சபையில் 1950களின் நடுப்பகுதியில் 1.3 மில்லியன் உறுப்பினர்கள் இருந்தார்கள். 2020களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 300,000க்கும் கீழே இறங்கிவிட்டது. போதகர்களும் குறைந்துவிட்டார்கள். மூன்று நான்கு ஊர்களுக்கு ஒரு போதகர் என்ற நிலை பல இடங்களில் வந்துவிட்டது. ஒரே ஞாயிறில் ஓர் ஊரில் காலை பத்து மணிக்கும் அடுத்த ஊரில் பதினொன்றரைக்கும் ஆராதனை நடத்திவிட்டு மூன்றாம் ஊருக்குக் காரில் விரைவது வழக்கமாகிவிட்டது. எல்லா வாரமும் எல்லா ஊருக்கும் அவரால் போக முடியாது. அந்த வாரங்களில் பிரசங்க மேடையில் ஏறுவது மூப்பர்தான்.

போதகர் பதவி காலியானால் சுமை இன்னும் கூடும். வட்டார மன்றம் பக்கத்துச் சபையின் போதகரையோ பயிற்சி பெற்ற வேறொருவரையோ இடைக்காலத் தலைவராக நியமிக்கும். அவர் கூட்டத்துக்கு வருவார். அன்றாட வேலை மூப்பர்களுடையது: ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு ஆள் பிடிப்பது, மரணம் நேர்ந்த வீட்டுக்கு முதலில் போய் நிற்பது, போதகர் இல்லத்தின் குழாய் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. புதிய போதகரைத் தேடும் குழுவைச் சபையாரே தேர்ந்தெடுப்பார்கள். குழு ஒரே ஒருவரை முன்மொழியும். அவர் வந்து ஆராதனை நடத்துவார், சபையார் வாக்களிப்பார்கள். ஆனால், போதகரைத் தேட முதலில் வட்டார மன்றத்தின் அனுமதி வேண்டும். சிறிய சபைகள் பல தட்டி நிற்கும் கதவு அதுதான்.

மன்றத்தைக் கூட்டவே தலைவரோடு குறைந்தது இரண்டு மூப்பர்கள் வேண்டும். அந்த இருவரும் இல்லாத சபைக்கு, பக்கத்து ஊர் மூப்பர்களை வட்டார மன்றம் துணை உறுப்பினர்களாக அனுப்பி வைக்கும். அடுத்த தெருக்காரர் வந்து நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதுபோல இருக்கும். ஆனாலும் அது இல்லாவிட்டால் சபையால் ஒரு காசோலையில்கூடக் கையெழுத்திட முடியாது.

இந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு சபையும் பதிவு பெற்ற அறநிறுவனம். 2005ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டப்படி மூப்பர்கள் அதன் அறங்காவலர்கள். கணக்கைச் சுயேச்சையான ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்து, ஆண்டுதோறும் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிங்கப்பூரில் கோயில்களும் தேவாலயங்களும் அறநிறுவன ஆணையரிடம் கணக்குக் காட்டுவதை வாசகர்கள் அறிவார்கள். ஏறத்தாழ அதே ஏற்பாடு. சிறாரோடு பழகும் தொண்டூழியர்களின் பின்னணியைச் சோதிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வட்டார மன்றத்தார் கட்டடத்தைப் பார்வையிட வருவார்கள். கூட்டக் குறிப்பேட்டை ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டும். ஜெபம் செய்யவும் நோயாளிகளைப் பார்க்கவும் மனமுவந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, கூரை பழுதுபார்ப்புக்கு மூன்று விலைப்புள்ளிகளை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பார். மூப்பராக அழைக்கப்படுபவர்களில் பலர் தயங்குவதற்கு நம்பிக்கைக் குறைவைவிட இந்தக் காகித வேலையே பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொரு சங்கடமான வேலை, உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் திருத்துவது. பல ஆண்டுகளாக வராத ஒருவரின் பெயரை நீக்கலாமா? அவருடைய தாத்தா அந்தத் தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவராக இருக்கலாம். அவர் பெயரை வைத்திருந்தால் பட்டியல் பொய் சொல்லும். எடுத்தால் ஒரு குடும்பமே மனம் நோகும். அந்த மனத்தாங்கல் வட்டார மன்றத்துக்குத் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வரும் மூப்பருக்குத்தான் தெரியும்.

கட்டடத்தை மூடுவது

2021இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வட்டார மன்றம் ஒவ்வொன்றும் எத்தனை போதகர்கள், எந்தெந்தக் கட்டடங்கள் என்று ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டும். கட்டடங்கள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டன: தொடர்ந்து வைத்துக்கொள்பவை, குறித்த நாளுக்குள் கைவிடப்பட வேண்டியவை. பெரும்பாலான தேவாலயங்களின் பத்திரம் திருச்சபையின் மைய அறங்காவலர்கள் பெயரில் இருப்பதால், ஊரார் நினைத்தபடி விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

திட்டத்தின் பின்னால் இருக்கும் கணக்கை மறுப்பது கடினம். பத்துப் பேர் ஆராதிக்கும் கற்கட்டடத்தைச் சூடாக்கவும் செப்பனிடவும் ஆகும் பணத்தில் வேறு பல பணிகளைச் செய்யலாம். அதே வேளை, அந்தக் கட்டடத்தின் வளாகத்தில் நான்கு தலைமுறை புதைக்கப்பட்டிருக்கிறது; ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பொதுக்கூடமும் அதுவாக இருக்கலாம். கணக்கும் கல்லறையும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் மூப்பர்கள். வட்டார மன்றத்தில் தன் ஊருக்கு எதிராக வாக்களித்த மூப்பர், மறுநாள் அதே ஊரில் பால் வாங்கப் போக வேண்டும். எதிர்த்து வாக்களித்துத் தோற்றவருக்கும் நிலைமை எளிதன்று. முடிவு மன்றத்தின் முடிவு என்பதால், தனக்கு உடன்பாடில்லாத செய்தியைத் தன் பத்து வீடுகளுக்கும் அவர்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

நம் வட்டாரத்தில் இடப்பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. சிங்கப்பூரில் வழிபாட்டுத் தலங்களின் நிலக் குத்தகைக்குக் காலவரம்பு உண்டு. மலேசியாவில் தோட்டங்கள் கைமாறியபோது கோயில்கள் இடம்பெயர்ந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்த கோயில் தலைவர்களுக்கு ஸ்காட்லாந்து மூப்பரின் நிலையை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

மூடுவது என்று முடிவானால் கடைசி ஆராதனைக்கு நாள் குறிப்பார்கள். வட்டார மன்றத்திலிருந்து ஆள் வருவார்கள். ஆராதனை முடிந்ததும் விவிலியமும் திருவிருந்துக் கிண்ணங்களும் வெளியே எடுத்துச் செல்லப்படும். கிண்ணங்களை இணைந்துகொள்ளும் சபைக்குக் கொடுப்பதுண்டு. சில கிண்ணங்களில் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். யாருக்குக் கொடுத்தோம் என்பதைச் செயலாளர் கடைசிக் கூட்டத்தின் குறிப்பில் எழுதி, தலைவரும் அவரும் கையெழுத்திடுவார்கள். பழைய மன்றக் குறிப்பேடுகள் எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சவத்துணி வாடகைக்குப் போன நாள், ஏழை விதவைக்குக் கொடுத்த காசு, விசாரணைக்கு நின்ற பெண்ணின் பெயர் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. வம்சாவளி தேடுபவர்கள் இப்போது அவற்றை இணையத்திலேயே புரட்டிப் பார்க்கிறார்கள்.